6 பேருக்கு ப்ரஞ்ச்: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

வீட்டில் செய்யும் ப்ரஞ்ச் கெட்டுப்போவது பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். போச் செய்த முட்டை (ஓடு நீக்கி வெந்நீரில் வேகவைத்தது), ஹாலண்டேஸ் சாஸ் (மஞ்சள்கருவும் வெண்ணெயும் அடித்துச் செய்வது), பான்கேக் மூன்றையும் தனித்தனியாகச் செய்யச் சொன்னால் இரண்டு மூன்று முறையில் யாருக்கும் கைவந்துவிடும். அதையே ஆறு பேருக்கு, 11 மணிக்கு, எல்லாம் சூடாகத் தட்டில் இருக்க வேண்டும் என்றால் கை தடுமாறும். முதலில் சுட்ட பான்கேக் ஆறி ரப்பராகிவிடும். சாஸ் பிரிந்து எண்ணெய் மிதக்கும். சமைத்தவர் கடைசிவரை அடுப்பை விட்டு நகர முடியாது. காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, ப்ரஞ்ச் என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமை தாமதமாகச் சாப்பிடலாம் என்று 1895-இல் எழுதியவர் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர். சனிக்கிழமை இரவு வெகுநேரம் விழித்திருந்தவர்களுக்கு அது நிம்மதி தரும் என்பது அவர் வாதம். அந்த நிம்மதி சமைப்பவருக்கும் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

எடுத்துக்கொண்ட பட்டியல்: ஆளுக்கு இரண்டு போச் முட்டை, டோஸ்ட் செய்த இங்கிலிஷ் மஃபின் (கேக் அல்ல, தட்டையான வட்ட ரொட்டி), வதக்கிய கீரை, மேலே ஹாலண்டேஸ், பக்கத்தில் மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு, ஆளுக்கு இரண்டு பான்கேக், பழம், காபி. நான்கு பர்னர் அடுப்பு ஒன்று, ஓவன் ஒன்று, ஒருவர் சமையல். எதையும் தொடங்கும் முன் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: செய்து வைத்தால் இது எவ்வளவு நேரம் தாங்கும்? உருளைக்கிழங்கு முக்கால்வாசி வேலை முடிந்த நிலையில் ஒரு இரவு முழுக்கத் தாங்கும். போச் முட்டையும் அப்படித்தான், இது பலருக்குத் தெரியாது. சாஸ் ஒரு மணி நேரம் தாங்கும். பான்கேக் சூடான ஓவனில் 20 நிமிடம். டோஸ்ட் 2 நிமிடம்கூடத் தாங்காது.

முட்டையை முந்தைய இரவே முடித்துவிடுங்கள்

ஹோட்டல் சமையலறைகளில் ஒரே நேரத்தில் நாற்பது தட்டு போச் முட்டை வெளியே போவதன் ரகசியம் எளிது. முன்கூட்டியே வேகவைத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு வேக்காட்டை நிறுத்தி, குளிரில் வைத்துவிடுவார்கள். ஆர்டர் வரும்போது சூடு மட்டும் ஏற்றுவார்கள். வீட்டிலும் இதையே செய்யலாம்.

முட்டை புதிதாக இருக்க வேண்டும். நாளாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, கெட்டியான வெள்ளை நீர்த்துப்போகும். அந்த நீர்த்த பகுதிதான் தண்ணீரில் விழுந்ததும் நூல் நூலாகப் பிரிந்து நுரைக்கிறது. தண்ணீரில் போட்டால் படுத்துக் கிடக்கும் முட்டை சரி. நிமிர்ந்து நிற்பதை அவித்துச் சாப்பிட வைத்துக்கொள்ளலாம், உரிக்கவும் அதுதான் சுலபம்.

எவ்வளவு புதிய முட்டையிலும் கொஞ்சம் நீர்த்த வெள்ளை இருக்கவே செய்யும். அதனால் ஒவ்வொரு முட்டையையும் சிறிய வடிகட்டியில் உடைத்து ஊற்றி, 20 விநாடி விட்டு, மெதுவாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டுச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். வடிகட்டிக்குக் கீழே சொட்டுவது ஒரு டீஸ்பூனைத் தாண்டாது. ஆனால் பாத்திரத்தில் மிதக்கும் வெள்ளைக் கந்தல் அத்தனையும் அந்த ஒரு டீஸ்பூனிலிருந்து வருவதுதான். வடிகட்டிவிட்டால் வினிகரே தேவைப்படாது. வடிகட்டாமல் செய்வதானால் லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி வினிகர் போதும். அதற்கு மேல் போனால் முட்டையின் மேற்பரப்பு சொரசொரப்பாகும், புளிப்பும் ஏறும். தண்ணீரைச் சுழலவிட்டு நடுவில் முட்டையை இறக்கும் வித்தை ஒரு முட்டைக்குச் சரி, பன்னிரண்டுக்கு உதவாது.

24 செ.மீ. அகலப் பாத்திரத்தில் 3 லிட்டர் தண்ணீர், ஒரு மேஜைக்கரண்டி உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் வெள்ளைக்கரு கிழிந்துபோகும். அடியில் ஊசிமுனைக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு, அங்கொன்று இங்கொன்றாக மேலே வரும் நிலை, அதாவது 85 டிகிரி அளவு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த நான்கு முட்டையைப் போட்டால் 3 லிட்டர் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 5 டிகிரி இறங்கும். ஆகவே 90 டிகிரியில் வைத்துக்கொண்டு நான்கு நான்காக இறக்குங்கள். கிண்ணத்தின் விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்த்திச் சரித்தால் முட்டை உருண்டையாக நிற்கும். மூன்றரை நிமிடம். ஜல்லிக் கரண்டியில் தூக்கி விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: வெள்ளை உறுதியாகவும், உள்ளே மஞ்சள் தளும்புவதாகவும் இருக்க வேண்டும். உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். ஆறியதும் மூழ்கும் அளவு குளிர்ந்த தண்ணீரோடு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை வரை அப்படியே இருக்கும்.

மறுநாள் சூடேற்றும் தண்ணீரில்தான் பலர் தோற்பது. முட்டையின் வெள்ளை 62 டிகிரி அளவில் இறுகத் தொடங்கும். மஞ்சள் 65-இல் தடித்து 70-இல் கெட்டியாகிவிடும். ஆகவே சூடேற்றும் தண்ணீர் 60-லிருந்து 65-க்குள் நின்றால் மஞ்சள் ஓடும் பதத்திலேயே இருக்கும். தெர்மாமீட்டர் இல்லையா? 3 லிட்டர் கொதிநீரோடு 25 டிகிரியில் உள்ள குழாய்த் தண்ணீர் 2 லிட்டர் சேர்த்தால் 70 டிகிரி. குளிர்ந்த 12 முட்டையும் அதில் இறங்கியதும் 63 அளவுக்கு வந்து நிற்கும். அடுப்பை அணைத்துவிட்டு 3 நிமிடம். எடுத்ததும் சுத்தமான துணியில் ஒற்றி ஈரம் போக்க மறக்காதீர்கள். முட்டைக்கு அடியில் தேங்கும் ஒரு டீஸ்பூன் தண்ணீர் டோஸ்டையும் சாஸையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

ஹாலண்டேஸ்: பிரிவதற்கு முன் அது காட்டும் அடையாளங்கள்

6 பேருக்கு: மஞ்சள்கரு 4, தண்ணீர் 2 மேஜைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒன்றரை மேஜைக்கரண்டி, உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், உப்பு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். மஞ்சள்கரு ஒன்றுக்கு 55 கிராம் வெண்ணெய் என்ற கணக்கு. கைதேர்ந்தவர்கள் இதற்கு மேலும் ஏற்றுவார்கள், ஆனால் காலையில் அவசரத்தில் செய்யும்போது இந்த எல்லைக்குள் இருப்பது நல்லது.

வெண்ணெயை உருக்கி 55–60 டிகிரிக்கு ஆறவிடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் சிம்மில் ஆவி விடட்டும். அதன் மேல் வைக்கும் கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. கிண்ணத்தில் மஞ்சள்கருவும் 2 மேஜைக்கரண்டி தண்ணீரும் போட்டு விஸ்க்கால் (முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி) விடாமல் அடியுங்கள். முதலில் பெரிய நுரை வரும், பிறகு நுரை பொடியாகி நிறம் வெளுக்கும், பிறகு தடிக்கும். விஸ்க் போன தடத்தில் கிண்ணத்தின் அடி ஒரு கணம் தெரிந்து மூடிக்கொள்ளும் பாருங்கள், அதுதான் பதம். 4 நிமிடம் ஆகும். கிண்ணத்தை உடனே இறக்கிவிடுங்கள். இந்தப் பதம் வராமல் வெண்ணெயை ஊற்றினால் சாஸ் கடைசிவரை தண்ணியாகவே இருக்கும். பதம் தாண்டினால் ஓரத்தில் முட்டைப் பொரியல் ஒட்டும்.

இறக்கிய கிண்ணத்தை ஈரத்துணி மேல் வைத்தால் சுழலாது. முதல் இரண்டு கரண்டி வெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அடிப்பதை நிறுத்தாதீர்கள். சாஸ் பிடித்துக்கொண்டதும் நூல்போல ஊற்றலாம். மஞ்சள்கருவில் உள்ள லெசித்தினும் புரதங்களும் வெண்ணெய்க் கொழுப்பைச் சின்னஞ்சிறு துளிகளாகத் தண்ணீரில் பிரித்து நிறுத்துகின்றன. துளிகளுக்கு நடுவே நிற்கத் தண்ணீர் வேண்டும். சாஸ் பிரிவதற்குப் பாதி நேரம் காரணம் இந்தத் தண்ணீர் ஆவியாகிப்போவதுதான். சாதாரண வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருப்பதால் அதை முழுதாக உருக்கி ஊற்றினால் ஓரளவு சமாளிக்கும். தெளிவெண்ணெய் (உருக்கித் தண்ணீர் நீக்கிய வெண்ணெய்) மட்டும் பயன்படுத்தினால் கூடுதலாக ஒரு மேஜைக்கரண்டி தண்ணீர் விடுங்கள். எலுமிச்சையும் உப்பும் கடைசியில்.

பிரியப் போகும் சாஸ் முன்கூட்டியே சொல்லும். மேற்பரப்பு சாட்டின் துணிபோல இருந்தது திடீரென்று எண்ணெய்ப் பளபளப்பு ஏறி, கிண்ணத்தின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடாக எண்ணெய் தெரியும். அந்த நொடியில் வெண்ணெயை நிறுத்தி, ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு வேகமாக அடித்தால் பத்துக்கு ஒன்பது தடவை மீண்டுவிடும். சாஸ் சூடாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர், ஆறிப்போயிருந்தால் வெந்நீர். முழுக்கப் பிரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். சுத்தமான கிண்ணத்தில் ஒரு மஞ்சள்கருவும் ஒரு மேஜைக்கரண்டி வெந்நீரும் அடித்து, பிரிந்த சாஸை வெண்ணெயாகப் பாவித்து முதலிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். மணல்போலத் திரிதிரியாக இருந்தால் அது வேறு வியாதி: 70 டிகிரியைத் தாண்டி முட்டை வெந்துவிட்டது. கொஞ்சம்தான் என்றால் வடிகட்டிக் காப்பாற்றலாம். நிறைய என்றால் புதிதாகத் தொடங்குவதே வழி.

ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் 2 நிமிட வேலை. மஞ்சள்கரு, தண்ணீர், எலுமிச்சை எல்லாம் குறுகலான உயர ஜாடியில். வெண்ணெய் இம்முறை 90 டிகிரிச் சூட்டில், ஏனென்றால் முட்டையை வேகவைக்க வேறு சூடு கிடையாது. பிளெண்டர் ஓடிக்கொண்டிருக்க மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஜாடியின் அடி பிளெண்டர் தலையை விட அகலமாக இருந்தால் பிளேடு மஞ்சள்கருவைத் தொடாமல் மேலே சுற்றும், சாஸ் சேராது. இம்முறை தோற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

செய்த சாஸை வைக்கச் சிறந்த இடம் பிளாஸ்க். வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் சூடாக்கி, கொட்டிவிட்டு, ஒரு நிமிடம் திறந்து வைத்த பிறகே சாஸை ஊற்றுங்கள். கொதிநீர்ச் சூடு உள்சுவரில் அப்படியே இருந்தால் சாஸ் ஓரத்தில் திரிந்துவிடும். ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். இரண்டு மணி நேரம் தாண்டியதைப் பரிமாறக் கூடாது, மறுநாளுக்கு எடுத்து வைக்கவும் கூடாது. மஞ்சள்கரு முழுதாக வேகாத சாஸ் இது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் சாப்பிடுவதானால் பாஸ்சரைஸ் செய்த முட்டையே வேண்டும், போச் முட்டையையும் மஞ்சள் இறுகும்வரை வேகவைத்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கு

1.2 கிலோ, 3 செ.மீ. துண்டுகள். 2 லிட்டர் தண்ணீரில் உப்பும் அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவும் போட்டுக் கொதித்த பின் 8–10 நிமிடம். சோடாவின் காரம் கிழங்கின் வெளிப்புறத்திலுள்ள பெக்டினைத் தளர்த்தி மாவுபோல ஆக்கும். அந்த மாவுப் பூச்சுதான் பின்னால் ஓடுபோல மொறுமொறுவென்று ஆகும். வடித்து, ஆவி போனதும் 4 மேஜைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, விளிம்புகள் குழையும்வரை குலுக்குங்கள். தட்டில் பரப்பி மூடாமல் இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் மேற்பரப்பு காய்ந்து இன்னும் நல்லது.

காலையில் 220 டிகிரியில் 45–50 நிமிடம், துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு. நெருக்கிப் போட்டால் சொந்த ஆவியிலேயே வெந்து மெத்தென்று ஆகிவிடும். 25 நிமிடத்துக்கு முன் திருப்பாதீர்கள். ஓடு கட்டிய துண்டு தானே தட்டை விடும், கட்டாதது பிய்ந்துவரும். பூண்டும் மூலிகையும் கடைசி 10 நிமிடத்தில் சேர்ந்தால் போதும்.

பான்கேக்

மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஆப்ப சோடா முக்கால் டீஸ்பூன், சர்க்கரை 2 மேஜைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன். இவற்றை இரவே கலந்து வைக்கலாம். காலையில் புளித்த கெட்டி மோர் 450 மி.லி., முட்டை 2, உருக்கிய வெண்ணெய் 45 கிராம். 12 பான்கேக் வரும்.

சோடாவுக்கு மோரின் புளிப்பு தேவை, மோருக்குச் சோடா தேவை. மோர் இல்லையென்று பாலை ஊற்றிச் சோடாவை அப்படியே விட்டால் சோப்பு ருசி அடிக்கும், மேல்புறமும் உள்ளே வேகும் முன் கறுக்கும். பால்தான் என்றால் சோடாவை விட்டுவிட்டு, பேக்கிங் பவுடர் ஒரு மேஜைக்கரண்டி, பால் 375 மி.லி. என்று மாற்றுங்கள். கலக்கும்போது கட்டிகள் தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். வழுவழுப்பாகும்வரை அடித்தால் குளூட்டன் இறுகி இழுத்தால் வராத பான்கேக் கிடைக்கும். 10 நிமிடம் ஊறினால் கட்டிகள் தானே கரையும். ஆனால் மோரும் சோடாவும் சேர்ந்த நிமிடமே வாயு வரத் தொடங்கிவிடுகிறது. அரை மணிக்கு மேல் வைத்த மாவு தட்டையாகத்தான் வரும்.

முதல் பான்கேக் திட்டுத்திட்டாக வருவது கல் சமமாகச் சூடேறாததாலும் வெண்ணெய் அதிகமாக நிற்பதாலும்தான். நடுத்தரத் தீயில் 4–5 நிமிடம் காயவிட்டு, வெண்ணெய் தடவி, அதைத் துணியால் துடைத்தும்விடுங்கள். மெல்லிய படலம் போதும். மேலே வந்த குமிழ் உடைந்து, துளை மூடிக்கொள்ளாமல் நின்றால் திருப்பும் நேரம். ஒரே ஒரு முறை திருப்புங்கள், அழுத்தாதீர்கள். சுட்டதை அடுக்கி வைத்தால் ஒன்றின் ஆவி இன்னொன்றை நனைக்கும். 95–100 டிகிரி ஓவனில் கம்பி வலைமேல் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள்.

காலை நேரக் கணக்கு

9:30-க்கு ஓவன் 220-இல். 9:45-க்குக் கிழங்கு உள்ளே. 600 கிராம் கீரையை வதக்கி, ஆறியதும் கையால் பிழிந்துவிடுங்கள். பிழியாத கீரை தட்டில் குளமாகும். 10:10-க்கு சாஸ், 10:25-க்குள் பிளாஸ்கில். பான்கேக் மாவைக் கலந்து ஊறவிட்டு, 10:35-க்குக் கிழங்கை எடுத்து ஓவனை 100-க்கு இறக்குங்கள். கதவை 2 நிமிடம் திறந்து வைக்காவிட்டால் சூடு இறங்காது. 10:37-லிருந்து மும்மூன்றாகப் பான்கேக், நான்கு சுற்று, 20 நிமிடம். சாப்பிடும் தட்டுகளும் அதே ஓவனின் கீழ்த்தட்டில் சூடாகட்டும். குளிர்ந்த தட்டு ஹாலண்டேஸை ஒரே நிமிடத்தில் உறையவைத்துவிடும். 10:50-க்குத் தண்ணீர் கொதிக்கட்டும்: காபிக்கு லிட்டருக்கு 60 கிராம் தூள், மீதி முட்டைக்கு. கிழங்கு 5 நிமிடம் மீண்டும் ஓவனுக்குள். 10:55-க்கு முட்டை, 10:56-க்கு டோஸ்ட், 10:58-க்கு அடுக்குதல்: மஃபின், கீரை, முட்டை, சாஸ்.

இந்தக் கணக்கில் முதல் தடவை இடறும் இடம் 10:37 முதல் 10:57 வரையிலான பான்கேக் நேரம். அந்த 20 நிமிடத்தில் மேலே சொன்ன சிறு வேலைகளைத் தவிர வேறு எதையும் தொடங்காதீர்கள். சாஸ் அதற்குள் பிளாஸ்கில் இல்லையென்றால் பான்கேக்கை விட்டுவிட்டு ரொட்டியும் பழமும் கொடுத்துவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வெளியே சாப்பிடும்போது இதே அளவுகோல்

எது காத்திருக்காதோ அதைக் கண்ணெதிரே செய்யும் இடத்தில் கேளுங்கள். பஃபேயில் சூடு தட்டில் கிடக்கும் முட்டைப் பொரியலை முதலில் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தால் புரதம் இறுகி நீரைப் பிழிந்துவிட்டது என்று அர்த்தம். இளம்பச்சை நிறம் தட்டியிருந்தால் வெகுநேரமாகச் சூட்டில் இருக்கிறது. மஞ்சள்கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்து உண்டாகும் நிறம் அது. அதைத் தாண்டி ஆம்லெட் போடும் இடத்துக்குப் போய், நடு ஈரமாக இருக்கும்போதே எடுத்துத் தரச் சொல்லுங்கள், தட்டுக்கு வந்த பிறகும் அது வெந்துகொண்டுதான் இருக்கும். மூடிய பாத்திரத்தில் மொறுமொறுப்பான எதுவும் மொறுமொறுப்பாக இருக்காது. புதுத் தட்டு வரும்வரை பொறுங்கள்.

மெனு பார்த்து ஆர்டர் செய்யும் இடத்தில், ஆறு பேரும் ஆறு விதமான முட்டை கேட்பது வேண்டாம். மேஜைக்கு எல்லாத் தட்டும் ஒன்றாகப் போக வேண்டும் என்பதால் முதலில் முடிந்தது கடைசியில் முடிவதற்காகச் சூட்டு விளக்கின் கீழ் நிற்கும். இரண்டு மூன்று வகைக்குள் முடித்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது வரும். ஹாலண்டேஸ் உள்ள தட்டு வந்ததும் முதலில் முட்டையைக் குத்திப் பாருங்கள். மஞ்சள் ஓடவில்லையென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள், மாற்ற 4 நிமிடம்தான் ஆகும். பாதி சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. சாஸ் மேலே தோல் கட்டியிருந்தால் தட்டு காத்திருந்திருக்கிறது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருந்தால் சாஸ் காத்திருந்திருக்கிறது.

வீட்டில் யாராவது தாமதமாக வருவார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கான இரண்டு முட்டையைக் குளிர்ந்த தண்ணீரிலேயே விட்டு வையுங்கள். சாஸையும் பிளாஸ்கில் இரண்டு கரண்டி விட்டு வையுங்கள், பிளாஸ்கில் ஊற்றிய நேரத்தை மூடிமேல் எழுதி ஒட்டிவிட்டு. அவர் வந்து கை கழுவுவதற்குள் மஃபின் டோஸ்ட் ஆகிவிடும், முட்டையும் சூடாகிவிடும்.